சூட்டுப் பக்கத்துக்குச் செம்பா, எவர்சில்வரா? வீட்டில் செய்யும் ஸ்டர்லிங் எஞ்சினுக்கு உலோகம்

செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும், அதனால் சூட்டுச் சிலிண்டரைச் செம்பில் செய்தால் எஞ்சின் பிய்த்துக்கொண்டு ஓடும். முதல் மாடலில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு தலைகீழ். ராபர்ட் ஸ்டர்லிங் 1816-ல் காப்புரிமை பெற்ற இந்த எஞ்சினில், உள்ளே அடைத்த காற்று ஒரு முனையில் தீயால் விரிந்து, மறு முனையில் குளிர்ந்து சுருங்கி, பிஸ்டனை ஆட்டும். அதனால் இது வெறும் சூட்டில் ஓடுவதில்லை, இரண்டு முனைகளுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தில் ஓடுகிறது. குளிர் முனையும் கொதித்துவிட்டால் எஞ்சின் படுத்துவிடும்.

எண்ணில் பார்க்கலாம். குழாயின் வெளிவிட்டம் 20 மி.மீ., சுவர் 0.5 மி.மீ., இரு முனைகளுக்கு நடுவே 60 மி.மீ., வித்தியாசம் 250 டிகிரி. சுவர் வழியாகவே குளிர் பக்கத்துக்கு ஓடிப்போகும் சூடு செம்பில் ஏறத்தாழ 50 வாட், அலுமினியத்தில் 25, பித்தளையில் 15, எம்.எஸ்.ஸில் (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) 6, எவர்சில்வரில் 2. இந்த அளவு எஞ்சின் தண்டில் ஒரு வாட் கொடுத்தாலே பெரிது.

‘எவர்சில்வர் சூட்டை உள்ளே விடாது’ என்ற பயமும் வேண்டாம். தீ படுகிற 20 மி.மீ. நீளத்தில், அரை மி.மீ. சுவரைக் குறுக்கே கடக்க 40 வாட்டுக்கு ஒரு டிகிரிதான் இழப்பு. சுவரின் நீளவாக்கில்தான் உலோகம் முக்கியம். குறுக்குவாக்கில் எதுவானாலும் ஒன்றுதான்.

செம்பில் செய்துவிட்டவர்களுக்கு அடையாளம்: இரண்டு மூன்று நிமிடம் ஜோராக ஓடும், பிறகு மெல்ல மெல்ல நின்றுவிடும். எண்ணெய் போட்டும் பயன் இருக்காது. குளிர் பக்கத்தில் ஈரத்துணி சுற்றியதும் மறுபடி கிளம்பினால் நோய் இதுதான்.

கைப்பிடி, கிரில் செய்கிற பட்டறையில் முக்கால் அங்குல எவர்சில்வர் குழாய் வெட்டுத்துண்டு கிடைக்கும். காந்தம் ஒட்டாததால் உயர்ரகமான 304 என்று நம்ப வேண்டாம், மலிவு ரகமான 202-ம் ஒட்டாது. நம் வேலைக்கு இரண்டும் போதும். சுவர் 1.2 மி.மீ. இருந்தால் கசிவு 5 வாட்டை நெருங்கும், அதனால் தீப்பக்கம் தவிர்த்த நடுப்பகுதியை லேத்தில் 0.5-க்கு இறக்க வேண்டும். டூல் கூராக இருக்கட்டும், வேகம் குறைவாக இருக்கட்டும். வெட்டாமல் உரசிக்கொண்டே போனால் மேற்பரப்பு இறுகி அடுத்த கட் ஏறாது. உள்ளே வெல்டிங் தையல் துருத்தியிருந்தால், காற்றை இரு முனைக்கும் மாற்றி மாற்றித் தள்ளும் டிஸ்பிளேசர் அதில் தட்டும், முதலிலேயே போரிங் செய்து சமப்படுத்துங்கள். முனையை 1 மி.மீ. தகட்டால் ஆர்கான் வெல்டிங்கில் மூட வேண்டும். ஈயப்பற்று 190 டிகிரிக்குள் உருகி, விளக்கு பற்றவைத்த சற்று நேரத்தில் மூடி கழன்று விழும்.

எம்.எஸ். இரண்டாம் இடம். கடைவது சுலபம், ஆனால் தீயில் செதில் உதிரும், மழைக்காலத்தில் துரு பிடிக்கும். பழகுவதற்குச் சரி.

டிஸ்பிளேசருக்கு இலேசும் மெல்லிய சுவரும் வேண்டும். அலுமினிய டப்பா இலேசுதான், ஆனால் தீமுனையில் இளகி உருக்குலையும். மெல்லிய எவர்சில்வரே நல்லது. சுற்றிலும் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். அதன் மூடியைப் பற்றுவைத்து ஒட்டும்போது மூடியில் ஊசித்துளை அவசியம். இல்லாவிட்டால் உள்காற்று விரிந்து பற்றைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்.

உண்மையான சிக்கல் பிஸ்டனில்தான். 16 மி.மீ. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே 0.01 முதல் 0.02 மி.மீ. விடுகிறோம். வார்ப்பிரும்புச் சிலிண்டரில் அலுமினியப் பிஸ்டன் போட்டு, இரண்டும் 50 டிகிரி ஏறினால் அலுமினியம் கூடுதலாக 0.01 மி.மீ. விரியும். இடைவெளி போயிற்று, பிஸ்டன் இறுகிக்கொள்ளும். வார்ப்பிரும்பில் வார்ப்பிரும்பு என்றால் இரண்டும் சேர்ந்தே விரியும். ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் போதும், கெட்டி எண்ணெய் விட்டால் அதன் இழுவையே எஞ்சினை நிறுத்திவிடும்.

கிராஃபைட் இன்னும் சுகம், எண்ணெயே வேண்டாம். மின்பொறியால் உலோகத்தை அரித்து வடிவாக்கும் இ.டி.எம். மிஷின் ஓடும் ஓசூர் டூல்ரூமில் எலெக்ட்ரோட் மிச்சத் துண்டு கேட்டுப் பாருங்கள். ஆனால் பித்தளைச் சிலிண்டரோடு அதைச் சேர்க்காதீர்கள். சூட்டில் பித்தளை அகன்று, கிராஃபைட் அப்படியே நின்று, காற்று கசியும். வார்ப்பிரும்போ கண்ணாடியோதான் பொருத்தம். கிராஃபைட் கடையும்போது லேத் பெட்டை மூடி வையுங்கள், அந்தக் கரித்தூள் வழித்தடத்தை அரிக்கும். லேத்காரர் மறுமுறை உள்ளே விடமாட்டார்.

குளிர் பக்கத்துக்கு, சூட்டைக் காற்றில் விடும் அலுமினியத் துடுப்பு (ஃபின்), வேறு பேச்சில்லை. 900 மீட்டர் உயரத்து ஓசூரில் காலை நேரத்தில் நன்றாக ஓடுவது, தருமபுரியில் சித்திரை மத்தியானம் திணறும். அதற்காகத் தண்ணீர்ச் சட்டை போட்டால் போர் தண்ணீரின் உப்பு உள்ளே படியும், மழைநீர் ஊற்றுங்கள். ஃப்ளைவீலுக்குப் பித்தளை அழகு, எம்.எஸ். மலிவு. எடை விளிம்பில் இருந்தால் போதும்.

கடையும் வரிசை மாறக்கூடாது. சிலிண்டர் முதலில், அதற்கேற்பப் பிஸ்டன். சிலிண்டரின் முனைகளைத் தட்டையாக்க, கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையில் விழும் பாலிஷ் துண்டின் மேல் எமரித் தாளை விரித்துத் தேய்த்தால் போதும். கடைசியில் இரண்டையும் துடைத்து, சிலிண்டரின் அடியை விரலால் அடைத்து, மேலே பிஸ்டனை விடுங்கள். தங்கித் தங்கி இறங்க வேண்டும். விரலை எடுத்ததும் சரக்கென்று விழ வேண்டும். அடைத்திருக்கும்போதே விழுந்தால் பிஸ்டன் சிறிசு, எடுத்தும் விழாவிட்டால் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.