மாவுக்கட்டின் மேல் லேசர்: பன்னிரண்டாயிரம் ரூபாயும் கோணிப்போன மணிக்கட்டும்

எலும்பு முறிவை லேசர் ஒளியால் இரண்டு மடங்கு வேகத்தில் கூட வைப்பதாகப் பலகை மாட்டியிருக்கும் வடசென்னை மையம் ஒன்றில் என் தாயாருக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் மையத்தின் பெயரையும் தெருவையும் குறிப்பிடவில்லை. இதே போன்ற பலகைகள் வேறு பகுதிகளிலும் தென்படுகின்றன என்பதால், பெயரைவிட நடந்த விதம்தான் படிப்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். கடந்த டிசம்பர் முதல் வாரத்தில், மழை வருகிறதே என்று மொட்டைமாடிக்கு ஓடித் துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கிய அம்மா, ஈரப் படியில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தார். அவருக்கு வயது 63. அரசு ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது கை வீங்கி வளையல் சதைக்குள் பதிந்திருந்ததால், முதலில் அதை வெட்டி எடுத்துவிட்டுத்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டை ஒட்டி, முன்கையில் கட்டைவிரல் பக்கம் உள்ள ஆரை எலும்பில் முறிவு. முறிந்த துண்டு இடம் பெயரவில்லை. அறுவை சிகிச்சை தேவையில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு போதும் என்றார்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு அப்படியே இருப்பதை உறுதி செய்துகொண்டு, சீட்டில் 'ஸ்டேபிள்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பின்னால் எங்களை ஏமாற்றினார்கள்.

தை பிறந்ததும் தங்கைக்கு வளைகாப்பு வைத்திருந்தோம். மகளுக்குத் தன் கையால், கட்டில்லாத கையால், வளையல் அடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வரலாம் என்றார். மூங்கில் பத்தையையும் பச்சிலையையும் நம்புவதா என்று நான்தான் மறுத்தேன். மறுத்த அதே வாரத்தில், குளிரூட்டிய அறையையும் ஆங்கிலத்தில் அச்சடித்த கையேட்டையும் கண்டு மயங்கிப் பணம் கட்டியதும் நான்தான் என்பதைச் சொல்லாமல் இந்தப் பதிவு முழுமையாகாது.

மையத்தில் இருந்தவர் வெள்ளை மேலங்கி அணிந்திருந்தார். அவரை எல்லோரும் 'டாக்டர் சார்' என்று அழைத்தார்கள். பதினைந்து சிட்டிங், ஒன்றுக்கு 1,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் 12,000 ரூபாய் என்றார். ஆறு வாரக் கட்டை மூன்று வாரத்தில் பிரித்துவிடலாம் என்றும், அகச்சிவப்பு லேசர் எலும்பின் உள்ளே போய்ச் செல்களைத் தூண்டிவிடும் என்றும் விளக்கினார். ஜிபேயில் பணம் அனுப்பியதும் கிடைத்த ரசீதில் பதிவு எண்ணும் இல்லை, சிகிச்சை அளிப்பவரின் பெயரும் இல்லை, 'ஆலோசனைக் கட்டணம்' என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது. தமிழ்நாட்டில் தனியார் கிளினிக்குகள் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்; சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்கத்தான் அன்று வாய் வரவில்லை.

முதல் நாளே ஒன்று உறுத்தியது. மாவுக்கட்டின் மேலேயே, ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம் என்று எட்டு இடங்களில் பேனா போன்ற கருவியை வைத்து எடுத்தார்கள். வெள்ளைக் கட்டின் மேல் சிவப்புப் பொட்டாக ஒளி தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி தரவில்லை, அம்மாவுக்கும் தரவில்லை, கருவியைப் பிடித்திருந்த பெண்ணும் அணிந்திருக்கவில்லை. கட்டைத் தாண்டி ஒளி எப்படி உள்ளே போகும் என்று கேட்டேன். "லேசர் எதையும் துளைச்சிட்டுப் போகும் சார், நீங்க கவலையே படாதீங்க" என்றார் அந்தப் பெண். ஐந்தாம் நாள் அவர் வெளியே சென்ற நேரத்தில் கருவிப் பெட்டியின் பின்புறம் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அலைநீளம் 650 நானோமீட்டர், திறன் 5 மில்லிவாட்டுக்குக் கீழ், லேசர் பாதுகாப்பு வகுப்பு 3ஆர் என்று அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் அந்தச் சீட்டின் பொருள் விளங்கியது. 650 நானோமீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, அகச்சிவப்பு அல்ல. அகச்சிவப்பு லேசர் என்றால் கட்டின் மேல் அந்தச் சிவப்புப் பொட்டே தெரிந்திருக்காது. 5 மில்லிவாட் என்பது வகுப்பறையில் திரையைச் சுட்டிக்காட்டும் லேசர் பேனாவின் திறன். ஒரு நிமிடம் வைத்தால் வெளிப்படும் ஆற்றல் 0.3 ஜூல். இந்தச் சிகிச்சையில் ஒரு புள்ளிக்கு வழக்கமாகச் சில ஜூல் வேண்டும் என்கிறார்கள். அந்த 0.3 ஜூலும் மாவுக்கட்டு, அதன் உள்ளே வைத்த பஞ்சு, தோல், தசைநார் எல்லாவற்றையும் கடந்து எலும்புக்குப் போக வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் டார்ச் அடித்துவிட்டு அந்தப் பக்க அறையில் புத்தகம் படிக்கச் சொல்வதைப் போன்றது இது.

லேசர் சிகிச்சையே பொய் என்று நான் சொல்லவில்லை. புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் 1967இல் முடி மழித்த எலிகளின் மேல் வலுக்குறைந்த லேசரைச் செலுத்தியபோது, அந்த இடத்தில் முடி வேகமாக வளர்ந்ததிலிருந்து இந்த ஆராய்ச்சி தொடங்கியது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சுவதால் செல்லுக்கு ஆற்றல் கூடுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். விலங்குகளிடம் செய்த பல சோதனைகளில் எலும்பு கூடுவதற்கு இது உதவியிருக்கிறது. மனிதர்களிடம் நடந்தவை சிலவே, அவையும் சிறியவை. வலியும் வீக்கமும் குறையக்கூடும் என்பதற்கும், ஆறு வாரக் கட்டை மூன்று வாரத்தில் பிரிக்கலாம் என்பதற்கும் இடையில் உள்ள தூரம் பெரிது. எலும்பைக் கூட்டும் கருவி என்று அமெரிக்காவில் 1994இலேயே ஒப்புதல் பெற்று ஆண்டுக்கணக்கில் விற்பனையான அல்ட்ராசவுண்ட் கருவியைக்கூட, 2016இல் வெளியான, கால் எலும்பு முறிந்த 501 பேரிடம் நடந்த ஆய்வு பயனற்றது என்று கண்டது. ஒப்புதல் பெற்ற கருவியின் கதையே இப்படியென்றால், சுட்டுப் பேனாவைப் பெட்டியில் பொருத்தி வைத்திருப்பவரை என்ன சொல்வது?

இதைப் படித்த அன்றே நிறுத்தியிருந்தால் பணத்தோடு போயிருக்கும். கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்ற கணக்கு என்னைத் தடுத்தது. நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், விழுந்து பதினெட்டாம் நாள், "ஒளி நேராப் படணும், கட்டைப் பிரிச்சிடலாம்மா" என்று சொல்லி அம்மாவின் மாவுக்கட்டை அங்கேயே வெட்டி எடுத்துவிட்டு, ஒட்டுப்பட்டை வைத்த துணி உறை ஒன்றை 900 ரூபாய்க்கு விற்று மாட்டி அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. மாலையில் நான் போய்க் கேட்டபோது அந்த மேலங்கிக்காரர் ஸ்டான்லி சீட்டையே என்னிடம் நீட்டி, "ஸ்டேபிள்னு அவங்களே எழுதியிருக்காங்களே சார், அப்புறம் கட்டு எதுக்கு?" என்றார்.

முறிவு நிலையாக இருக்கிறது என்றால், தாங்கிப் பிடித்தால் துண்டுகள் நகராது என்று பொருள். தாங்கலே வேண்டாம் என்று பொருளல்ல. முறிந்த இடத்தில் முதலில் உறைந்த இரத்தமும், இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற திசுவும் உருவாகி, அதன் பிறகுதான் அது சிறிது சிறிதாக இறுகி எலும்பாகிறது. இறுகத் தொடங்கும் நேரத்தில் அம்மாவின் கட்டை எடுத்துவிட்டார்கள்.

நாலைந்து நாளில் மணிக்கட்டு மீண்டும் வீங்கியது. வலி இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாரே தவிர, டம்ளரை இடது கையால் எடுப்பதைக் கவனித்தேன். ஸ்டான்லியில் எடுத்த புதிய எக்ஸ்ரேயையும் பழையதையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் செருகி, இளம் மருத்துவர் ஒருவர் எங்களுக்குக் காட்டினார். முதல் படத்தில் நேராக இருந்த துண்டு, இரண்டாவதில் புறங்கைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. "யாரும்மா கட்டைப் பிரிச்சது?" என்று அவர் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தார், நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். மீண்டும் நான்கு வாரம் மாவுக்கட்டு. வளைகாப்பில் அம்மா இடது கையால்தான் வளையல் போட்டார். இப்போது கட்டைப் பிரித்தாகிவிட்டது. எலும்பும் கூடிவிட்டது, ஆனால் சாய்வோடு கூடியிருக்கிறது. மணிக்கட்டு உள்பக்கமாக முன்போல் மடங்குவதில்லை, ஈரத் துணியை முறுக்கிப் பிழிய முடிவதில்லை.

மீதிச் சிட்டிங்குகளுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சலுகைக் கட்டணம் திரும்பத் தரப்படாது என்றார்கள். சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டபோது அப்படி எதுவும் எழுதுவதில்லை என்றார்கள். பணம் வாங்கி அளிக்கும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் விவரம் கேட்டுக்கொண்டு, முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். 'சிகிச்சையில் திருப்தி' என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால் 4,000 ரூபாய் தருவதாகத் தொலைபேசியில் பதில் வந்தது. மறுத்துவிட்டேன்.

ஜிபே விவரம், அந்த ஒற்றை வரி ரசீது, கருவியின் மஞ்சள் சீட்டுப் படம், இரண்டு எக்ஸ்ரேக்கள், ஸ்டான்லி சீட்டுகள் ஆகியவற்றை இணைத்து ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அவற்றுள் மஞ்சள் சீட்டின் படம்தான் முக்கியமான சான்று என்று வழக்கறிஞர் சொல்கிறார். போன வாரம் அந்த வழியாகப் போனபோது பெயர்ப்பலகை அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, இருபது சிட்டிங் எடுத்தால் ஐந்து இலவசம் என்று புதிதாக ஒரு பேனர் கட்டியிருந்தார்கள்.