ஃபோர்டு கார்: பெயரைப் பார்த்து அல்ல, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பார்த்து வாங்குங்கள்

பழைய ஃபோர்டு கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று யார் கேட்டாலும், எந்த ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு முன்னால் எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ் என்றுதான் நான் கேட்பேன். ஒரே நிறுவனம், ஒரே ஆலை, சில வேளைகளில் ஒரே மாடல். அப்படியிருந்தும் ஒரு கார் பத்தாண்டுகள் ஓடிய பின்னும் வழக்கமான சர்வீஸுக்கு மேல் எதையும் கேட்பதில்லை, இன்னொன்றோ வாரண்டி முடிந்த கையோடு உரிமையாளரின் சேமிப்பைக் கரைத்துவிடுகிறது. இது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததல்ல. நூறாண்டுக்கும் மேற்பட்ட அந்த நிறுவனத்தின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், நன்கு சோதித்த எளிய இயந்திரத்தை விற்ற காலங்களில் ஃபோர்டு மக்களின் நம்பிக்கையைப் பெற்றதும், எரிபொருளை மிச்சப்படுத்தும் புதிய ஏற்பாடு ஒன்றை முழுமையாகச் சோதிக்காமல் சந்தைக்கு அனுப்பிய காலங்களில் அதை இழந்ததும் மாறி மாறி நடந்திருப்பது தெரியும்.

ஹென்றி ஃபோர்டு 1903 ஜூன் மாதத்தில் தொடங்கிய நிறுவனத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, 1908 அக்டோபரில் வெளிவந்த மாடல் டி. நான்கு சிலிண்டர், 20 குதிரைத்திறன், எடை குறைவாகவும் வலிமை மிகுதியாகவும் இருந்த வனேடியம் எஃகு. இவ்வளவுதான் அதன் ஆடம்பரம். 1913-இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தபோது, ஒரு சேசிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, பூட்ட ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம் ஆன இடத்தில் சுமார் ஒன்றரை மணி நேரமே போதும் என்றானது. தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலை, 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. இந்த விலைக் குறைப்பைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். என்னை ஈர்ப்பது வேறொன்று. 1927 வரை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி கார்கள், அடிப்படை வடிவமைப்பு பெரிதாக மாறாமல் வந்தன. ஆகவே எந்தப் பாகம் எப்போது தேயும் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. பண்ணை வைத்திருந்தவர்கள் தங்களிடமிருந்த சாதாரணக் கருவிகளைக் கொண்டே பல பழுதுகளைச் சரிசெய்துகொண்டார்கள். பழுதே வராத கார் அல்ல அது; பழுது வந்தாலும் உரிமையாளரைக் கைவிடாத கார். நம்பகத்தன்மை என்பதற்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அந்த நற்பெயர் 1970-களில் பெரிதும் தேய்ந்தது. பின்புறம் மோதினால் பெட்ரோல் டேங்க் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால் பின்டோ காரும், ஃபோர்டின் இன்னொரு பிராண்டான மெர்க்குரியின் பெயரில் விற்ற அதன் வடிவமுமாகச் சுமார் 15 லட்சம் வண்டிகள் 1978-இல் திரும்ப அழைக்கப்பட்டன. 1980-இல் நிறுவனம் 150 கோடி டாலருக்கும் மேல் நட்டமடைந்தது. ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுத்த எட்வர்ட்ஸ் டெமிங்கை ஃபோர்டு அழைத்து ஆலோசனை கேட்டது இதற்குப் பிறகுதான். அந்த உழைப்பின் பலனாக 1985 இறுதியில் வந்த டாரஸ், 1992 முதல் 1996 வரை அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற காராக விளங்கியது.

ஆனால் அதே டாரஸின் எஞ்சின் அறையைத் திறந்தால் இரண்டு வேறு கதைகள் கிடைக்கும். 3.0 லிட்டர் வல்கன் வி6, வார்ப்பிரும்பால் ஆன பழைய பாணி எஞ்சின். வேகம் அதிகமில்லை, நளினமும் இல்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. அதைவிட இழுவிசை மிகுந்தது என்று கூடுதல் விலைக்கு விற்கப்பட்ட 3.8 லிட்டர் எஞ்சினிலோ ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய், குளிர்விக்கும் நீரான கூலன்ட் கசிந்து, எஞ்சின் கொதிக்கும் புகார்கள் பெருகின. 1994, 1995 வண்டிகளுக்கு அந்தப் பாகத்தின் வாரண்டியை நிறுவனமே ஏழு ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைலாக நீட்ட வேண்டியதாயிற்று. டாரஸ் நல்ல காரா என்று அன்று இரண்டு உரிமையாளர்களைக் கேட்டிருந்தால், இருவரும் உண்மையே சொல்லி நேர்மாறான பதில்களைத் தந்திருப்பார்கள்.

நியூயார்க் டாக்சியாகவும் நாடெங்கும் போலீஸ் வாகனமாகவும் ஓடிய கிரவுன் விக்டோரியாவையும் இங்கே சொல்லியாக வேண்டும். தனிச் சட்டத்தின் மேல் பூட்டிய உடல், 4.6 லிட்டர் வி8, பின்சக்கர இழுவை. கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையில் 2011-இல் கடைசி வண்டி வெளிவரும் வரை அதன் அடிப்படை அமைப்பு மாறவே இல்லை. 1990-களின் பிற்பகுதி வண்டிகளில் எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு விரிசல் விட்டதை எல்லாரும் அறிவார்கள். மாற்றுப் பாகத்தை ஒருமுறை போட்டால் பிரச்சினை தீர்ந்தது. நாள் முழுதும் எஞ்சினை நிறுத்தாமல் ஓட்டுபவர்கள் விரும்பி வாங்கினார்கள் என்பதைவிட ஒரு காருக்கு வேறு சான்றிதழ் தேவையில்லை.

இந்த நூற்றாண்டில் ஃபோர்டின் பெயரை மிகவும் கெடுத்தது பவர்ஷிஃப்ட் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அமெரிக்காவில் 2011 மாடல் முதல் ஃபியஸ்டாவிலும் 2012 மாடல் முதல் ஃபோகஸிலும் அது வந்தது. வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் நிறைந்த டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். அதில் சிறிது எரிபொருள் வீணாகும். அந்த இழப்பைத் தவிர்க்க, மேனுவல் காரில் உள்ளதைப் போன்ற உலர் கிளட்ச் இரண்டை வைத்து, ஒன்று ஒற்றைப்படை கியர்களையும் மற்றது இரட்டைப்படை கியர்களையும் கவனிக்கும்படி, இரண்டையும் ஒரு கணினி இயக்கும்படி வடிவமைத்தார்கள். தடையில்லாச் சாலையில் அது அருமையாகவே ஓடியது. சிக்கல் நெரிசலில் தொடங்கியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் மெல்ல ஊர்ந்து நகர வேண்டுமானால் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி நழுவியும் உரச வேண்டும். குளிர்விக்க எண்ணெய் இல்லாத கிளட்சில் அந்த உரசலின் சூடு தங்கிவிடும். போதாததற்கு, உள்தண்டின் எண்ணெய் சீல் கசிந்து கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டால் புறப்படும்போதெல்லாம் வண்டி உதறும். கட்டுப்பாட்டுக் கணினி பழுதானால், ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென இழுவையை இழக்கும். கிளட்ச் மாற்றி எடுத்துச் சென்றவர்கள் சில மாதங்களில் அதே உதறலோடு திரும்பி வந்தார்கள், ஏனென்றால் மாற்றிப் போட்டதும் அதே வகைக் கிளட்ச்தான்.

பழுது வருவது மன்னிக்கத்தக்கது. ஆனால் அதற்குப் பின் உரிமையாளர்கள் நடத்தப்பட்ட விதம் எனக்கு இன்றும் ஆறாத கோபத்தைத் தருகிறது. ஆஸ்திரேலியாவில், கியர்பாக்ஸின் தரக் குறைபாடு தெரிந்திருந்தும், உதறலுக்குக் காரணம் நீங்கள் ஓட்டும் முறைதான் என்று வாடிக்கையாளர்களிடம் பலமுறை சொல்லப்பட்டது. இந்த நடத்தைக்காக 2018-இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. காசு கொடுத்துக் கார் வாங்கியவரையே குற்றவாளியாக்குவதைப் போன்ற அவமதிப்பு வேறில்லை. குறைபாடுகள் விற்பனைக்கு முன்பே நிறுவனத்துக்குள் பேசப்பட்டவை என்பதை உள் ஆவணங்களின் அடிப்படையில் டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழ் 2019-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் நடந்த கூட்டு வழக்கு, இன்னாள், முன்னாள் உரிமையாளர்களுக்கான இழப்பீட்டு உடன்பாட்டுடன் 2020-இல் முடிந்தது.

இந்தியாவில் ஃபோர்டின் இரண்டாவது வருகை 1995-இல் மஹிந்திராவுடன் கூட்டாகத் தொடங்கியது. எஸ்கார்ட்டுக்குப் பிறகு 1999-இல் சென்னைக்கு அருகே மறைமலை நகரில் இருந்து வந்த ஐகான், ஓட்டுவதற்கு இன்பமான கார் என்று பெயரெடுத்தது. பெட்ரோல் செலவும் உதிரிபாக விலையும் அதிகம் என்ற பெயரும் கூடவே வந்தது. 2010-இல் ஃபிகோ வந்தபோது நிறுவனம் இந்தக் குறையை நேராக எதிர்கொண்டது. ஒரு சிறு உள்ளுறுப்பு கெட்டால் முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்லாமல், அந்த உறுப்பை மட்டும் தனியாக விற்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் 1.4 லிட்டர் டீசலும், பின்னர் ஈகோஸ்போர்ட்டிலும் ஆஸ்பயரிலும் வந்த 1.5 லிட்டர் டீசலும் பிரான்சின் பிஎஸ்ஏ பெஜோ சிட்ரோயனுடன் சேர்ந்து உருவாக்கிய குடும்பத்தைச் சேர்ந்தவை. மேனுவல் கியர்பாக்ஸோடு இணைந்த இந்த டீசல்தான், இந்தியாவில் ஃபோர்டு விற்றவற்றிலேயே மிகச் சிறந்த கூட்டு என்பது என் தீர்மானமான எண்ணம். எண்ணெயும் வடிகட்டியும் காலத்தில் மாற்றி, எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டை உரிய தூரத்தில் புதுப்பித்தவர்கள் குறை சொல்வது அரிது. 2013-இல் பவர் ஸ்டீயரிங் குழாய்க்காகவும் பின் அச்சுக்காகவும் ஃபிகோவும் ஃபோர்டின் கிளாசிக் என்ற செடானும் சுமார் 1.66 லட்சம் திரும்ப அழைக்கப்பட்டன. ஆகையால் 2010 முதல் 2012 வரையிலான வண்டியானால் அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

2013-இல் வந்த ஈகோஸ்போர்ட்டில்தான் கவனம் மிகுதியாகத் தேவை. அதன் 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் 2017 வரை வந்தது பவர்ஷிஃப்ட் குடும்பத்துக் கியர்பாக்ஸே. 2015-இல் வந்த ஃபிகோ, ஆஸ்பயர் ஆட்டோமேட்டிக்கிலும் அதுவே. சென்னையின் கோடையையும் கத்திப்பாரா நெரிசலையும் நினைத்துப் பார்த்தால், உலர் கிளட்சுக்கு இதைவிடக் கொடிய சோதனை இருக்க முடியாது. 2017 இறுதியில் ஈகோஸ்போர்ட்டில் டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் வந்தது. அதைத் தயங்காமல் பார்க்கலாம்.

அடுத்தது, எண்ணெயில் நனைந்தபடி ஓடும் டைமிங் பெல்ட். 2012 முதல் 2014 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலகின் சிறந்த எஞ்சின் விருதை வாங்கிய 1.0 லிட்டர் ஈகோபூஸ்டிலும், பிற்காலத்து மூன்று சிலிண்டர் 1.2, 1.5 பெட்ரோல் எஞ்சின்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. உராய்வும் ஓசையும் குறையும் என்பது இதன் நோக்கம். ஆனால் தவறான எண்ணெய் ஊற்றினாலோ, மாற்றும் காலத்தைத் தள்ளிப்போட்டாலோ ரப்பர் ஊறி உதிர்ந்து, துகள்கள் கீழே எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்து, எஞ்சின் எண்ணெயின்றி இறுகிவிடும் அபாயம் உண்டு. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் சுமார் 1.4 லட்சம் ஈகோஸ்போர்ட், ஃபோகஸ் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதும் இதே 1.0 லிட்டர் எஞ்சினின் எண்ணெய்ப் பம்ப் பெல்ட் தொடர்பான குறைக்காகத்தான். பலர் விசாரிக்காமல் தங்கள் பேட்டை மெக்கானிக் வைத்திருக்கும் ஏதோ ஒரு எண்ணெயை ஊற்றிக்கொள்வதால், இந்த எஞ்சின்களை வாங்குபவர் முந்தைய சர்வீஸ் ரசீதுகளில் எண்ணெயின் வகை எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். ரசீது இல்லாவிட்டால் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிச் சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

2021 செப்டம்பர் 9 அன்று, பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கும் மேல் நட்டம் என்று சொல்லி இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகரில் கடைசி கார் 2022-இல் இறங்கியது. சுமார் 4,000 பேரின் வேலை பாதிக்கப்பட்டது என்பதை, கார் விமர்சனம்தானே என்று சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. உதிரிபாகமும் சேவையும் தொடரும் என்று நிறுவனம் அளித்த வாக்கு பெருமளவு காப்பாற்றப்பட்டிருக்கிறது. வடிகட்டி, பிரேக் பேட், சஸ்பென்ஷன் போன்றவை தடையின்றிக் கிடைக்கின்றன. விளக்குத் தொகுதி, கதவுத் தகடு, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவற்றுக்குத்தான் காத்திருக்க நேரிடலாம். சிற்றூர்களில் இருப்பவர்கள், அருகிலுள்ள சேவை மையம் இன்றும் திறந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக 2024 செப்டம்பரில் தமிழக அரசிடம் நிறுவனம் விருப்பக் கடிதம் கொடுத்தது; இங்கு பழைய கார் வைத்திருப்பவர்களின் உதிரிபாகக் கவலைக்கு அது நேரடி மருந்தாகிவிடாது.

அமெரிக்காவிலோ, ஓராண்டில் 77 திரும்ப அழைப்புகள் என்று 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த உச்சத்தை ஃபோர்டு 2025-இல் ஆண்டின் நடுவிலேயே தாண்டிவிட்டது. பிழையை மறைக்காமல் அறிவிப்பது முன்னேற்றம்தான் என்று நிறுவனம் சார்பாக வாதிடலாம். ஆஸ்திரேலிய வழக்கின் காலத்தோடு ஒப்பிட்டால் அதில் உண்மையும் உண்டு. ஆயினும் இத்தனை பிழைகள் ஆலையைத் தாண்டி வீட்டு வாசல் வரை வந்தது ஏன் என்ற கேள்விக்கு அது விடையாகாது.

எனவே இன்று யாருக்காவது பரிந்துரைக்க வேண்டுமானால், முறையான சர்வீஸ் பதிவோடு இருக்கும் 1.5 டீசல் மேனுவல் ஈகோஸ்போர்ட்டைச் சந்தை விலைக்குச் சற்று மேலே கொடுத்தும் வாங்கலாம் என்பேன். பழைய ஃபிகோ 1.4 டீசல், குறைந்த பட்ஜெட்டில் கிடைக்கும் நல்ல வண்டி. மூன்று சிலிண்டர் பெட்ரோலை, எண்ணெய் ரசீதுகள் முழுமையாக இருந்தால் மட்டும், பெல்ட் மாற்றும் செலவைப் பேரத்தில் கழித்துக்கொண்டு வாங்குங்கள். பவர்ஷிஃப்ட் வகை ஆட்டோமேட்டிக்கை, விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும், தொட வேண்டாம்.