ஃபார்வர்ட்டிஃப்: முரண்டு பிடித்தது என் நிரல்தான்

வாயுக்களின் அழுத்தக் கணக்குப் போடுவது என் பிழைப்பு. வான் டெர் வால்ஸ் சமன்பாடு என்றால் வகைக்கெழுவைக் கையாலேயே எழுதிவிடுவேன். அதே வகையைச் சேர்ந்த பெங்-ராபின்சன் சமன்பாட்டில் வெப்பநிலையைச் சார்ந்த ஆல்ஃபா என்ற உறுப்பு வந்துவிட்டால் எங்காவது ஒரு மைனஸ் குறியைத் தொலைத்துவிட்டு இரவெல்லாம் தேடுவேன். சரி, மதிப்பைத் துளி நகர்த்திக் கழித்து வகுக்கலாமென்றால், பெரிதாக நகர்த்தினால் தோராயம் கெடுகிறது; மிகச் சிறிதாக நகர்த்தினால் 16 இலக்கத்தில் பாதி கழித்தலிலேயே போய்விடுகிறது.

அப்படித்தான் ஜூலியா என்ற நிரல் மொழியில், வகைக்கெழுவைத் தானே கணக்கிட்டுத் தரும் ஃபார்வர்ட்டிஃப் பாக்கேஜுக்கு வந்தேன். இலவசம். இது டூயல் எண்களை வைத்து வேலை செய்கிறது. (தமிழில் 'இரட்டை எண்' என்றால் எல்லோரும் 2, 4, 6 என்று ஆரம்பித்துவிடுவார்கள். டூயலாகவே இருக்கட்டும்.) கிளிஃபோர்ட் 1873-இல் சொன்ன சங்கதி. எண்ணுக்கு எப்சிலன் என்று ஒரு வால். எப்சிலனின் வர்க்கம் பூஜ்யம். 3 + எப்சிலனை வர்க்கம் செய்தால் 9 + 6 எப்சிலன். வாலில் வந்த 6 வகைக்கெழு. நகர்த்தலும் இல்லை, தோராயமும் இல்லை.

முதல் நாளே எரர். ஆர்க்யுமென்ட்டுக்கெல்லாம் ஃப்ளோட்64 (64 பிட் தசம எண்) என்று டைப் எழுதி வைத்திருந்தேன், வேகமாக ஓடும் என்ற நினைப்பில். ஜூலியா கம்பைலர் எந்த டைப் வந்தாலும் அதற்கென்று தனியாக நிரலைத் தயார் செய்துகொள்ளும். நான் எழுதியதால் வேகம் ஒரு துளி கூடவில்லை, டூயலுக்குக் கதவு சாத்தியதுதான் மிச்சம். டூயலும் அடங்கும் ரியல் என்று மாற்றினேன். அடுத்து, மூன்று பூஜ்யம் கொண்ட அரே (எண் வரிசை) உருவாக்கும் ஜீரோஸ்(3) என்ற வரியில் நின்றது. டைப் சொல்லாவிட்டால் அது ஃப்ளோட்64 அரேதான் தரும், அதற்குள் டூயல் போகாது. உள்ளே வரும் எண்ணின் டைப்பிலேயே அரே உருவாக்கும்படி பதினேழு இடங்களில் திருத்தினேன். எரர் மெசேஜ்தான் கொடுமை: டைப்பின் பெயரே மூன்று வரி ஓடும்.

திருத்திய பிறகு சும்மா ஒரு பிக்ஃப்ளோட்டை, அதாவது கூடுதல் துல்லியமுள்ள எண்ணை, கொடுத்துப் பார்த்தேன். 256 பிட்டில் அப்படியே ஓடியது. மெஷர்மென்ட்ஸ் பாக்கேஜின் பிழை அளவுள்ள எண்களும் ஓடின. ஒரு வரிகூட மாற்றவில்லை. அன்றைக்குத்தான் இந்தப் பாக்கேஜை மனதாரப் பிடித்தது. பெரிய மேட்ரிக்ஸ் வந்தால் மட்டும் பிக்ஃப்ளோட் ஊர்கிறது. மேட்ரிக்ஸ் கணக்கை வேகமாகப் போடும் லேபேக் நூலகத்துக்கு அந்த எண்ணைத் தெரியாதே.

குறை இரண்டு. பூஜ்யத்தின் வர்க்கமூலத்தை எடுத்து மறுபடி வர்க்கம் செய்தால், 1 வர வேண்டிய வகைக்கெழு 'நேன்' (எண்ணே அல்ல) என்று வருகிறது: மூலத்தின் சரிவு முடிவிலி, அதைப் பூஜ்யத்தால் பெருக்கினால் வேறென்ன வரும்? இரண்டாவது, ஃபோர்ட்ரானில் எழுதிய பழைய நூலகங்களுக்குள் டூயலை அனுப்பவே முடியாது. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. அங்கே ரியலையெல்லாம் காம்ப்ளெக்ஸ் ஆக்கி, கற்பனைப் பகுதியில் 10-இன் மைனஸ் 20-ஆம் அடுக்கை வைத்து ஓட்டி, விடையின் கற்பனைப் பகுதியை அதே எண்ணால் வகுத்து வகைக்கெழுவை எடுத்தேன். மைனஸ் குறியை நீக்கும் ஏபிஎஸ் வந்த இடங்களை மட்டும் கையால் திருத்த வேண்டியிருந்தது.