படத்தைச் சுருக்க: டைனிபிஎன்ஜியா, ஸ்குவூஷா?

விண்ணப்பப் படிவத்தில் ஒளிப்படம் 50 கேபிக்கு மேல் இருக்கக் கூடாது என்ற அறிவிப்பைப் பார்த்ததும், கையில் இருக்கும் 3 எம்பி படத்தை வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்கு இவ்விரு இலவசத் தளங்களும் கைகொடுக்கும்.

பாண்டா கரடி வரவேற்கும் டைனிபிஎன்ஜியில் யோசிக்க எதுவும் இல்லை. பல படங்களை ஒருசேர இழுத்துப் போட்டால், அது தன் சர்வரில் அவற்றைச் சுருக்கித் திருப்பித் தருகிறது. பிஎன்ஜி (PNG) என்னும் கோப்பு வகைப் படத்தின் எண்ணற்ற நிறங்களை 256 நிறங்களுக்குள் அடக்குவதே அதன் உத்தி. கண்ணுக்கு வேறுபாடு பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால், முடிவு எத்தனை கேபி வரவேண்டும் என்பதை நாம் சொல்ல முடியாது.

கூகுளின் குரோம் அணியினர் 2018இல் வெளியிட்ட ஸ்குவூஷ் ஒரு நேரத்தில் ஒரு படத்தையே ஏற்கும். எனினும், படத்தின் நடுவே நிற்கும் கோட்டை இடம் வலமாக நகர்த்தினால், ஒருபுறம் மூலப்படமும் மறுபுறம் சுருங்கிய படமும் தெரிகின்றன. தரத்தை 75இலிருந்து 40க்கு இறக்க இறக்க, கீழே கேபி எண்ணும் உடனுக்குடன் குறைகிறது. நீள அகலத்தையும் அங்கேயே குறைக்கலாம் என்பதால் 50 கேபி எட்டாக்கனியன்று. வேலை முழுவதும் நம் உலாவிக்குள்ளேயே நடப்பதால் படம் வெளியே போவதில்லை. ஆதார் அட்டை, மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றுக்கு நான் இதைத்தான் திறப்பேன். வலைப்பதிவுக்கான பத்துப் பதினைந்து படங்கள் என்றால் பாண்டாவே போதும்.