மாலா கடையில் வெறும் கிண்ணத்துக்கு 74 வெள்ளி 72 காசு கொடுத்துவிட்டு வந்த கதை

நேற்று ராத்திரி நடந்தது. இன்னும் வயிறு எரிகிறது, மிளகாயால் மட்டும் இல்லை. சிங்கப்பூரில் மாலா (சிச்சுவான் மிளகும் மிளகாயும் போட்ட சீனக் காரச் சாப்பாடு) சாப்பிடப் போகிறவர்கள் தயவுசெய்து இதை ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள், கடைசியில் நாலைந்து யோசனையும் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து மச்சானும் அவர் மனைவியும் வந்திருக்கிறார்கள். தினமும் தேக்காவில் (லிட்டில் இந்தியா) இட்லியும் பிரியாணியுமாகப் போய்க்கொண்டிருந்ததால், "இந்த ஊர்க்காரங்க சாப்பிடுறதைக் காட்டுங்க மாமா" என்றார். சரி என்று எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதி ஒன்றில் இருக்கும் மாலா உணவகத்துக்குக் கூட்டிப்போனேன். பெயர் சொல்லப்போவதில்லை. கண்ணாடிப் பெட்டிகளில் தாமரைக்கிழங்கு, கறுப்புக் காளான், தோஃபு தோல், காடை முட்டை, மீன் உருண்டை என்று அடுக்கி வைத்திருப்பார்கள், நாமே கிண்ணத்தில் எடுத்துப்போட்டு எடைக்குக் கொடுத்தால் காரம் கேட்டுச் சமைத்துத் தருவார்கள், அந்த வகை. 100 கிராம் 3.28 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கீரைக்கும் இறைச்சிக்கும் ஒரே விலை.

மாட்டிறைச்சியும் பன்றியும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருந்தன. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு, ஒருவருக்குக் கோழி போதும், ஒருவருக்கு மீன், என் மனைவி இரண்டையும் தொடமாட்டாள். அதனால் ஆளுக்கொரு கிண்ணம், மொத்தம் ஐந்து. எல்லாம் கனமான எவர்சில்வர் கிண்ணம். வெறுமையாகத் தூக்கும்போதே கை தெரிந்துகொண்டது.

நான் ஏமாளி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். சின்ன வயதில் எண்ணெய்க் கடைக்குத் தூக்குவாளி கொண்டுபோனால், வெறும் வாளியை முதலில் எடைபோடச் சொல்லித்தான் அம்மா அனுப்புவாள். அந்தப் பழக்கத்தில் கல்லாவில் நின்ற பெண்ணிடம் கேட்டேன், கிண்ணத்தின் எடையைக் கழிப்பீர்களா என்று. அவள் சிரித்த முகமாக, "டோன்ட் வொரி அங்கிள், மெஷின் ஆட்டோ மைனஸ்" என்றாள். அங்கிள் என்று வேறு சொல்லிவிட்டாளா, நான் அதற்குமேல் தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எண் காட்டும் பக்கம் அவளைப் பார்த்துத்தான் இருந்தது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ரசீது 190 வெள்ளி 35 காசு. விருந்தாளி பக்கத்தில் நிற்கும்போது கணக்குப் பார்க்கவா முடியும்? அட்டையைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது. நான் 'சியாவ் லா', அதாவது குறைந்த காரம் சொல்லியிருந்தேன், மச்சான் திருச்சி வீரத்தில் 'தா லா', அதாவது அதிகக் காரம் கேட்டு, சிச்சுவான் மிளகில் நாக்கு மரத்துப்போய்ப் பாதிக் கிண்ணத்தில் பேச்சே நின்றுவிட்டது.

தண்ணீர் எடுக்கக் கல்லாப் பக்கம் போனேன். கடைப் பையன் ஒருவன் கிண்ணங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான், அதில் ஒன்றைக் கைமறதியாகத் தராசின்மேல் வைத்தான். சிவப்பு எழுத்தில் 0.380. வெறும் கிண்ணம்! ஆட்டோவும் இல்லை, மைனஸும் இல்லை.

மேசைக்கு வந்து ரசீதை விரித்தேன். என் மனைவி எடுத்தது ஏழெட்டுக் கீரைத் தண்டு, ஒரு பிடி காளான், இரண்டு துண்டு தோஃபு. அவளுக்கு 740 கிராம் என்று போட்டு 24 வெள்ளி 27 காசு. அதில் பாதிக்குமேல் எவர்சில்வர். ஐந்து கிண்ணம், 1.9 கிலோ, 62 வெள்ளி 32 காசு. அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் (எடுத்தது நாங்கள், கல்லாவுக்குச் சுமந்தது நாங்கள், கரண்டி தேடியதும் நாங்கள்), அதற்கும் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. கூட்டினால் 74 வெள்ளி 72 காசு. சாப்பிடாத இரும்புக்கு வரியும் கட்டியிருக்கிறேன்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. அதே பெண், அதே சிரிப்பு இல்லாமல், மேலாளர் இல்லை என்றாள். வெறும் கிண்ணத்தை ஒரு தடவை வைத்துக் காட்டச் சொன்னேன், தராசு வாடிக்கையாளருக்கு இல்லையாம். "விடுப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று மகள் சட்டையை இழுத்தாள். வீட்டுக்கு வந்து ரசீதில் இருந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு, பதில் இல்லை. இன்று காலை, கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது. நான் விடாமல் ஃபோன் செய்ததும் ஒரு ஆள் எடுத்து, கிண்ண எடை கட்டாயம் கழிக்கப்படுகிறது, ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து வேறொருவர் கூப்பிட்டு, கிண்ணத்தோடு சேர்த்து எடைபோடுவதுதான் கடையின் நடைமுறை என்கிறார். இரண்டில் எது உண்மை என்றேன். 10 வெள்ளிக்கு வவுச்சர் தருகிறோம் என்றார். அதையும் 50 வெள்ளிக்குமேல் சாப்பிட்டால்தான் பயன்படுத்தலாமாம். போனது 74 வெள்ளி 72 காசு, அதில் 10 வெள்ளியை மீட்க நான் இன்னொரு கிண்ணம் இரும்பு வாங்க வேண்டும்!

தராசில் 'அக்யுரசி' முத்திரை ஒட்டியிருந்ததை மகள் எடுத்த படத்தில் பார்த்தேன். இங்கே வியாபாரத் தராசுக்கு அது கட்டாயம். ஆனால் அந்த முத்திரையை நம்பி இருந்துவிடாதீர்கள், தராசு சரியாகத்தான் எடை காட்டியது, கிண்ணத்தையும் சேர்த்து. ஏமாற்றியது ஆள்.

யோசனை சொல்கிறேன் என்றேனே. வெறும் கிண்ணத்தை முதலில் வைத்து ஜீரோ போடச் சொல்லுங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். எண் உங்களுக்குத் தெரியாத தராசு என்றால் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். கீரையை நன்றாக உதறி எடுங்கள், தண்ணீரும் 3.28தான். சமைக்கக் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள், அடுப்பில் ஏறிவிட்டால் எந்தக் கடையும் பேசாது.

பயனீட்டாளர் சங்கத்துக்கு ரசீதோடு இன்றே புகார் எழுதுகிறேன். மீதி யோசனைகளை அப்புறம் போடுகிறேன், சாப்பாட்டு இடைவேளை முடிந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது.