விசுவமடு – கிளிநொச்சி பாடசாலை வான் சேவை: பிள்ளைகளின் உறக்கத்தை முன்வைத்து

விசுவமடுவிலிருந்து தருமபுரம், பரந்தன் வழியாகக் கிளிநொச்சிப் பாடசாலைகளுக்கு ஓடும் இந்த வானின் சாரதி நிதானமானவர். இறங்கிய பிள்ளை வீதியைக் கடந்து படலைக்குள் நுழையும் வரை வண்டியை எடுக்கமாட்டார். அந்த ஒன்றுக்கே மாதக் கட்டணம் தகும்.

ஆயினும், பாடசாலை காலை 7.30 மணிக்குத் தொடங்க, வான் ஒவ்வோர் ஒழுங்கையாகப் புகுந்து வருவதால், முதலில் ஏறும் பிள்ளைகள் ஐந்தே முக்காலுக்கே படலையடியில் நிற்கவேண்டியிருப்பது பெருங்குறை. 13 முதல் 18 வயது வரையானோருக்கு 8 முதல் 10 மணிநேர உறக்கம் தேவை. பருவ வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலற்றோனின் இரவில் பிந்தியே சுரப்பதால், நேரத்தோடு படுக்கச்சொல்லி அதட்டுவதில் பயனில்லை. மாலை ரியூசன் முடித்து, வீட்டுப்பாடம் எழுதிப் பத்தரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழும்பும் என் மகளுக்கு ஆறரை மணிநேரமே கிடைக்கிறது. வான் புறப்படுமுன்னரே, சாப்பாட்டுப் பெட்டி மடியிலிருக்க, யன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து அவள் தூங்கிவிடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

இடைநிலை, உயர்நிலைப் பாடசாலைகள் 8.30க்கு முன் தொடங்கக்கூடாதென அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல் பரிந்துரைத்தது. நம் பாடசாலை நேரம் மாறும்வரை, வழித்தடத்தை இரண்டாகப் பிரித்து இன்னொரு வான் விட்டால், தொலைவிலுள்ள பிள்ளைகளுக்கு அரைமணி நேர உறக்கமேனும் மிஞ்சும். பரந்தன் பக்கம் கடைசியாக ஏறுவோருக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.