பெர்சபோலிஸ்: கறுப்பு வெள்ளையில் ஒரு போர்க்காலச் சிறுபராயம்

1979 ஈரான் புரட்சியையும் அதைத் தொடர்ந்து ஈராக்குடன் மூண்ட போரையும் ஒரு சிறுமியின் கண்வழியே காட்டும் மர்ஜான் சத்ரபியின் இச்சித்திரத் தன்வரலாறு, 2000ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சு மொழியில் நான்கு பாகங்களாக வெளிவந்தது. ஏவுகணை விழுந்த அயல்வீட்டின் இடிபாடுகளுக்கிடையே தோழியின் கைவளையலைக் கண்ட சிறுமி கண்களைப் பொத்திக்கொள்ள, அப்பக்கத்தின் கடைசிக் கட்டம் முழுவதும் கறுப்பாகிவிடுகிறது. ஊரடங்குக்கும் சோதனைச் சாவடிகளுக்கும் நடுவே பள்ளிக்கூடம் போய் வளர்ந்த திருகோணமலை வாசகர் எவருக்கும் அந்தக் கறுப்பை விளக்கத் தேவையில்லை. கோரத்தை வரையாமல் விட்ட அந்த அடக்கமே நூலின் பெரும் பலம் என்பேன். ஏழைச் சிறுவர்களிடம் சொர்க்கத்தின் திறவுகோல் என்று பொன்னிறப் பிளாஸ்டிக் சாவியைக் கொடுத்துப் போர்முனைக்கு அழைக்கும் பகுதி நெஞ்சை அறுக்கிறது. வியன்னாவில் கழியும் பதின்பருவம் மட்டும் சற்றுத் தொய்கிறது. உயர்தர மாணவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். சித்திரவதைக் காட்சிகள் உள்ளதால் அவர்களினும் இளையோருக்கு வேண்டாம்.